காலை ஆறு மணிக்கு நேற்று

நெகிரி செம்பிலான், பகாவ் பக்கத்துத் தோட்டப் பாட்டி ஒருவர், பேத்தியின் பிறந்தநாள் வாழ்த்துக்காகக் காலை ஆறு மணிக்கே வானொலி முன் உட்கார்ந்திருந்தார். பெயர் வரவில்லை. மறுநாள் வாசித்தேன்.

"நேத்துதான் தம்பி பொறந்தநாளு" என்றார் போனில்.

பட்டியலை எடுப்பது ஒரு எஸ்கியூஎல் வரி. தினமும் தேதியை மாற்ற வேண்டாமே என்று 'இன்று' என்றே எழுதியிருந்தேன். அந்த வாரம் மாற்றிய சர்வரோ உலகப் பொது நேரத்தில் ஓடியது. நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால்; நமக்குக் காலை எட்டு ஆகும்வரை அதற்கு நேற்றுதான். 'கடந்த 7 நாள்' என்று கேட்டாலும் இதே வழுக்கல். நேர மண்டலத்தை +08:00 ஆக்கினேன்.

தீபகற்பம் இந்த நேரத்துக்கு வந்ததே 1982 ஜனவரி 1-இல்தான், கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி. பாட்டிக்கு நினைவிருக்கிறது: "பெரட்டுக்குப் போறப்ப இருட்டு கூடிப்போச்சு."