கூடத்துக்கு வரட்டும் மடிக்கணினி

எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், திரைகளோ ஏழு. இரவு எட்டு மணிக்கு ஆளுக்கொரு திரையின் முன் தனித்தனியே அமர்ந்திருப்போம். கூடத்தில் உள்ள பெரிய தொலைக்காட்சியை என் அம்மா மட்டுமே பார்ப்பார். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியின்மேல் குனிந்திருப்பாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டால், "பாடம்தான், அப்பா" என்பாள். அது பொய்யன்று. ஆனால், அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இன்று சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் கற்றலுக்கென ஒரு மின்னிலக்கச் சாதனம் இருக்கிறது. அதைத் தொலைக்காட்சியுடன் இணைப்பதைப் படம் பார்க்கும் வசதியாகவே பலர் நினைக்கிறோம். பாடத்திற்கும் அந்தப் பெரிய திரையைப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி தொடங்கியது. அப்போது அம்மாவுக்குப் பத்து வயது. அவர் வாழ்ந்த கம்பத்தில் யார் வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. மாலையில் சமூக நிலையத்துக்கு ஓடி, முன்வரிசையில் தரையில் இடம் பிடிப்பாராம். "பாதி நேரம் படத்தவிட, பக்கத்துல இருக்கறவங்க அதைப் பத்திப் பேசுறதத்தான் கேட்டுக்கிட்டிருப்பேன்" என்று இப்போதும் சொல்வார். ஊருக்கே ஒரு திரை இருந்த காலத்தில் பேச்சு இருந்தது. எங்கள் வீட்டில் ஏழு திரைகள் இருந்தும் அது இல்லாமல் போயிருந்தது.

சென்ற ஆண்டு, வாய்மொழித் தேர்வுக்காக மகள் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு காணொளியைப் பார்த்து, அதைப் பற்றி உரையாட வேண்டும். மடிக்கணினியில் படம் சிறிதாக இருந்ததால் தொலைக்காட்சியில் இணைத்துக் கொடுத்தேன். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூதாட்டி ஒருவர் தனியே உட்கார்ந்திருக்கும் காட்சி அது. மகள் மளமளவென்று பேசினாள்: முதியோர் தனிமையில் வாடுகிறார்கள், சமூகம் கைகொடுக்க வேண்டும், அரசாங்கம் பல திட்டங்களை நடத்துகிறது. எல்லாம் மனனம் செய்த கருத்துகள்.

சோபாவில் இருந்த அம்மா, "அந்தம்மா வீட்டுல ஆளுங்க இருப்பாங்க கண்ணு. பேசத்தான் யாரும் இருக்க மாட்டாங்க" என்றார்.

மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவள் மடிக்கணினியை விட்டு எழுந்து பாட்டியின் அருகில் போய் உட்கார்ந்தாள். காணொளியை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்கள். அன்று அவள் பேசிய தமிழ், பயிற்சித்தாளில் எழுதியிருந்த தமிழாக இல்லை.

இணைப்பது கடினமான வேலையன்று. எச்.டி.எம்.ஐ வடம் ஒன்றே படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டு செல்லும். அதை இரு பக்கமும் செருகி, எந்தத் துளையில் செருகினோமோ அதை ரிமோட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் வராவிட்டால் விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் தெரிவுகள் தோன்றும். படம் வந்தும் ஒலி மடிக்கணினியிலிருந்தே கேட்டால், ஒலி அமைப்பில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒன்று தெரியாமல் நான் அரை மணி நேரம் வடத்தைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறேன்! மெலிதான புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ துளையே இருக்காது. அவற்றுக்கு இணைப்பி ஒன்று தேவைப்படும். கம்பியில்லாமலும் இணைக்கலாம். ஆனால், படம் சிறிது தாமதமாக வரக்கூடும்.

என் மகள் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் கூறிய காரணங்களில் நியாயம் இருந்தது. முதல் வாரமே, தோழி அனுப்பிய குறுஞ்செய்தி எங்கள் அனைவர் முன்னிலையிலும் பெரிய எழுத்தில் தோன்றியது. அவள் முகம் சிவந்துவிட்டது. திரையை நகலெடுப்பதால் வந்த வினை அது. 'நீட்டிப்பு' என்னும் தெரிவைப் பயன்படுத்தினால், தொலைக்காட்சிக்கு நாம் நகர்த்தும் சாளரம் மட்டுமே அங்கே தெரியும். மற்றவை மடிக்கணினியிலேயே இருக்கும். பிள்ளைகளை வேவு பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு இந்த வசதி பிடிக்காமல் போகலாம். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தனிமையும் வேண்டும்.

கட்டுரை எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் அவளுடைய மேசைதான் ஏற்றது. தொலைவில் உள்ள திரையை அண்ணாந்து பார்த்தபடி தட்டச்சு செய்தால் கழுத்துதான் வலிக்கும். காணொளி, நிலப்படம், அறிவியல் செய்முறை, படைப்புக்கான ஒத்திகை ஆகியவையே கூடத்துக்கு வர வேண்டியவை. வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும் என்பேன். அம்மாவின் நாடக நேரத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது.

வடத்தை இப்போது நாங்கள் கழற்றுவதில்லை. தொலைக்காட்சியின் பின்னாலேயே தொங்குகிறது. போன சனிக்கிழமை மகள் மடிக்கணினியோடு அறையிலிருந்து வெளியே வருவதற்குள், அம்மா ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை எச்.டி.எம்.ஐ இரண்டுக்கு மாற்றி வைத்திருந்தார்.