பாட்டுக்குப் பெயர் போட வேண்டியது நாம்தான்

மியூசிக் சிடியை டிரைவில் போட்டதும் ஆல்பத்தின் பெயரும் பாடல்களின் பெயர்களும் திரையில் வந்து நிற்கின்றன. இவை சிடிக்குள்ளேயே பதிவாகி இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். பெரும்பாலான ஆடியோ சிடிக்களில் பாட்டு மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. 1996-ல் வந்த சிடி டெக்ஸ்ட் என்ற முறையில் பெயர்களையும் பதியலாம். ஆனால் அது பரவலாகவில்லை. தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடமும் தரப்படவில்லை.

பிறகு பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? சிடியில் எத்தனை பாடல்கள், ஒவ்வொன்றும் எந்த நொடியில் தொடங்குகிறது, மொத்த நேரம் எவ்வளவு என்பதை வைத்து சாஃப்ட்வேர் ஓர் அடையாள எண்ணைத் தயாரிக்கிறது. அந்த எண்ணை இன்டர்நெட்டில் உள்ள டேட்டாபேஸில் தேடுகிறது. இரண்டு சிடிக்களுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால், நம் பக்திப் பாடலுக்கு ஏதோ வெளிநாட்டு ஆல்பத்தின் பெயர் வரும்!

1993 வாக்கில் டி கான் என்பவர் தொடங்கிய சிடிடிபிதான் இதற்கு முன்னோடி. அதில் பெயர்களை டைப் செய்து அனுப்பியவர்கள் உலகெங்கும் உள்ள ரசிகர்கள். பின்னர் அது கிரேஸ்நோட் என்ற நிறுவனமானது. இலவச மாற்றாக வந்த ஃப்ரீடிபி 2020-ல் மூடப்பட்டது. ஆகவே, சர்வரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

எங்கள் மாங்காட்டில் காமாட்சி அம்மன் கோயில் பக்கம் வாங்கிய பக்திப் பாடல் சிடியைப் போட்டால், 'டிராக் 1', 'டிராக் 2' என்றுதான் வருகிறது. சாஃப்ட்வேரைத் திட்டிப் பயனில்லை. யாரும் டைப் செய்து அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

சினிமாப் பாடல்களில் இன்னொரு சிக்கல். 1992-ல் வந்த 'ரோஜா' படத்துக்கு 'ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் ஏ.ஆர்.ரகுமான் பெயரை மட்டும் போட்டால், பாடிய மின்மினி எங்கே? எழுதிய வைரமுத்து எங்கே? அட்டையில் அச்சான பெயர்கள், அட்டை தொலைந்தால் போயே போய்விடும்.

எனவே, வீட்டில் பழைய சிடிக்கள் இருந்தால், அவை கெடும் முன்பு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் ஃப்ளாக் ஃபைல்களாகக் கம்ப்யூட்டரில் பதிந்து வையுங்கள். பிறகு எம்பி3டேக் புரோகிராமில் திறந்து, 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் பாடியவரையும், 'கம்போசர்' கட்டத்தில் இசையமைப்பாளரையும், 'லிரிசிஸ்ட்' கட்டத்தில் பாடலாசிரியரையும் குறிப்பிடுங்கள். யூனிகோட் இருப்பதால் தமிழிலேயே டைப் செய்யலாம். பெயர்கள் ஃபைலுக்குள்ளேயே இருப்பதால், எந்த சர்வர் மூடினாலும் கவலையில்லை.

அதே விவரங்களை மியூசிக்பிரைன்ஸ் டேட்டாபேஸிலும் பதியுங்கள். லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. அடிப்படைத் தகவல்களை யாரும் தடையின்றி எடுத்துக் கொள்ளலாம். ஒரு சிடிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அடுத்து அதே சிடியைப் போடுபவருக்கு, அவர் எந்த ஊரில் இருந்தாலும், பாடலாசிரியர் பெயரும் சேர்ந்து கிடைக்கும்.