பிளேடை மாற்றலாம், பேட்டரியை மாற்றக் கூடாதா?

மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் என்று வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மின்சாதனத்துக்கும் நம்மிடம் ஒரு கதை உண்டு. குளியலறை அலமாரியில் கிடக்கும் எலெக்ட்ரிக் ஷேவரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அது ஏதோ சோம்பேறிகளுக்கான சாமான் என்று ஓர் எண்ணம். "நாங்களெல்லாம் பிளேடு போட்டு வழித்தவர்கள்" என்று மார்தட்டும் நண்பர்கள் எனக்கும் உண்டு.

நம் வயதில் அந்தப் பெருமை கொஞ்சம் ஆபத்தானது. தோல் மெலிந்து சுருங்கிவிட்டது. கையில் லேசான நடுக்கம். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சின்னக் கீறல் ஆறவே நாளாகிறது. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் மருத்துவர்கள் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று, பிளேடை விட்டு எலெக்ட்ரிக் ஷேவருக்கு மாறுங்கள் என்பது. ஆகவே, இது வயதானவர்களுக்குச் சொகுசுப் பொருள் இல்லை. மூக்குக் கண்ணாடி, கைத்தடி வரிசையில் வைக்க வேண்டிய சாமான். அதனால்தான் இதைப் பற்றி எனக்கு ஒரு பாராட்டும் ஒரு கோபமும் இருக்கின்றன. முதலில் பாராட்டு.

சுழலும் ஷேவரின் தலையைப் பாருங்கள். வெளியே தெரியும் வட்டத் தகட்டில் மெல்லிய பிளவுகள் இருக்கும். முடி அந்தப் பிளவு வழியாக உள்ளே நுழைகிறது. அடியில் சின்னச் சின்னக் கத்திகள் கொண்ட சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. பிளவின் ஓரத்துக்கும் கத்தியின் ஓரத்துக்கும் நடுவில் அகப்பட்ட முடி, கத்தரிக்கோலில் அகப்பட்ட நூல் மாதிரி துண்டாகிறது. ஓடும் கத்திக்கும் நம் தோலுக்கும் நடுவில் எப்போதும் அந்தத் தகடு இருக்கிறது. ரத்தக் காயம் அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் சங்கடம் தெரியும். தகடு கனமாக இருந்தால் அடிமுடி நின்றுவிடும். மெலிதாக இருந்தால் வளைந்து சீக்கிரம் தேயும். பிளவு குறுகினால் முடி நுழையாது. அகலமானால் முடியோடு தோலும் உள்ளே பிதுங்கும். கத்திக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் முடி வெட்டுப்படாமல் மடங்கி, சுருக்கென்று இழுக்கும். அதனால் ஒவ்வொரு கத்திச் சக்கரத்தையும் ஒரு ஸ்பிரிங் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு மோட்டார். அதன் பல்சக்கரம் மூன்று தலைகளையும் சுற்றுகிறது. அந்தத் தலைகள் கன்னம், தாடை, கழுத்து என்று மேடு பள்ளத்துக்கு ஏற்பச் சாய்ந்தாலும் சுழற்சி நிற்கக் கூடாது. உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்குள் இத்தனை வேலை நடக்கிறது.

இதன் பிறப்பிடம் நெதர்லாந்து. அதற்கு முன்பே அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி 1931-இல் மின்சார ஷேவரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதில் கத்தி முன்னும் பின்னும் ஓடியது. அப்படி ஓடும் எதுவும் ஒவ்வொரு முனையிலும் நின்று, திரும்பி, மறுபடி வேகமெடுக்க வேண்டும். அந்த உதறல் கைக்குத் தெரியும். பிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் அலெக்சாந்தர் ஹோரோவிட்ஸ் வேறு வழி யோசித்தார். மோட்டார் சுழலத்தானே செய்கிறது, கத்தியும் சுழலட்டுமே என்றார். 1939-இல் ஒற்றைத் தலையோடு அந்த ஷேவர் வெளிவந்தது. 1951-இல் இரண்டு தலை, 1966-இல் மூன்று தலை. இன்றைக்கும் முகச்சவரத்துக்கான சுழலும் ஷேவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றோடுதான் இருக்கின்றன. முக்கோணமாக அமைந்த மூன்று தலைகள் தாடைக்கும் கன்னத்துக்கும் பொருந்திவிடுகின்றன. ஐந்து தலை, ஏழு தலை என்று விளம்பரம் வருவதெல்லாம் மொட்டையடிக்கிறவர்களுக்கு.

1980 வாக்கில் இன்னொரு நுட்பம் சேர்ந்தது. ஒவ்வொரு கத்திக்கும் முன்னால் ஒரு சிறு தகடு. அது முடியைப் பிடித்து மயிரிழை அளவு தூக்கும். பின்னால் வரும் கத்தி வெட்டும். தூக்கப்பட்ட முடி தோலுக்குள் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்ளும். தகட்டின் கனத்தையும் மீறி நெருக்கமாக வழிக்க முடிவது இதனால்தான்.

என்னை மிகவும் கவர்ந்த விஷயம் தேய்மானம். சாதா பிளேடு ஏன் மழுங்குகிறது? எஃகைவிட முடி ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் பிளேடு போய்விடுகிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். வளையும் முடி, பிளேடு ஓரத்தில் பலவீனமான இடமாகப் பார்த்துச் சில்லு பெயர்த்துவிடுகிறதாம். சுழலும் ஷேவரிலும் கத்தி தேயத்தான் செய்கிறது. ஆனால் அதன் தட்டையான முகம் தகட்டின் உட்புறத்தில் உரசி உரசித் தேய்வதால் ஓரம் தானாகவே புதுப்பிக்கப்படுகிறது. நம் வீட்டு அம்மியும் குழவியும் ஒன்றோடொன்று தேய்ந்து வழவழப்பாகிவிடும்; பிறகு அம்மி கொத்துகிறவரைத் தேட வேண்டும். இங்கே நேர்மாறு. தேய்வதே சாணை பிடிப்பதாக இருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடமும் உண்டு. ஒவ்வொரு கத்தியும் தன் தகட்டோடு சேர்ந்து தேய்ந்து ஒரு ஜோடியாகிவிடுகிறது. கழுவும்போது மூன்றையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டால், மறுபடி பழகிக்கொள்ளப் பல வாரம் ஆகலாம். ஷேவர் திடீரென்று கெட்டுப்போனதாகத் தோன்றினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஒரு தலையைக் கழுவித் திரும்பப் பொருத்திய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். தானே சாணை பிடித்தாலும் ஆயுள் முடிவற்றதல்ல. ஒன்றிரண்டு வருடத்தில் தலைகளை மாற்றச் சொல்கிறார்கள். அதை நாமே ஒரு நிமிடத்தில், எந்தக் கருவியும் இல்லாமல் செய்துவிடலாம்.

இனி கோபம். கத்தியை இவ்வளவு சுலபமாக மாற்ற வழி செய்தவர்கள், பேட்டரியை மட்டும் ஏன் பூட்டி வைத்தார்கள்?

உள்ளே இருப்பது விரல் அளவிலான லித்தியம் அயனி பேட்டரி. உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் வருடங்கள் போகப் போக அதன் சக்தி குறையும்; அது அந்த வேதியியலின் இயல்பு. நல்ல மோட்டாரோ அதைவிட நீண்ட காலம் உழைக்கும். முன்பெல்லாம் ஷேவரின் ஒயரைச் செருகி நேரடி மின்சாரத்தில் ஓட்டலாம். இன்று தண்ணீரில் கழுவக்கூடிய பல மாடல்கள், பாதுகாப்பு கருதி, ஒயர் செருகியிருக்கும்போது ஓடவே ஓடாது. அந்தப் பாதுகாப்பு நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். பேட்டரி போனால் மோட்டார், பல்சக்கரம், போன மாதம் வாங்கிய புதுத் தலைகள் எல்லாமே குப்பை.

என் நண்பர் ஒருவருக்கு இது நடந்தது. சர்வீஸ் சென்டரில், "இதற்கெல்லாம் பேட்டரி மாற்றுவதில்லை சார், புதுசு வாங்கிக்கங்க" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் அவர். பழைய பிளேடு ரேசருக்கே திரும்பிவிட்டார். அவரும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்தான்.

தண்ணீர் புகாமல் மூட வேண்டுமே என்பது உற்பத்தியாளர்கள் தரப்பு வாதம். கடலுக்குள் மூழ்குகிறவர்கள் கொண்டுபோகும் டார்ச் விளக்கில் ரப்பர் வளையம் போட்ட மூடியைத் திருகிப் பேட்டரி மாற்றுகிறார்கள். குழாயடியில் கழுவும் ஷேவருக்கு அது முடியாதா? மூடி சற்றுத் தடிக்கும், கொஞ்சம் செலவு கூடும், அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு பேட்டரிச் சட்டம் இயற்றியது. கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்கிறது அது. அந்த விதி நடைமுறைக்கு வரும் தேதி 2027 பிப்ரவரி 18. ஆனால் தண்ணீரில் புழங்கிக் கழுவப்படும் சாதனங்களுக்கு அதில் ஒரு விலக்கு இருக்கிறது. அவற்றில் தொழில் தெரிந்தவர் மாற்றும்படி இருந்தாலே போதும். பல ஷேவர்கள் இந்த இடைவெளியில் புகுந்துகொள்ளும் என்றே நினைக்கிறேன். அந்த அளவு கிடைத்தால்கூட நமக்குப் பெரிய விஷயம்தான். பஜாரில் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமே! நம் நாட்டிலும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. செல்போன், டிராக்டரோடு ஷேவரையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் ஷேவர் வாங்கப் போனால் எத்தனை தலை, செல்போனோடு பேசுமா என்பதையெல்லாம் விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். மாற்றுத் தலைகள் எத்தனை வருடம் கிடைக்கும்? பேட்டரி போனால் மாற்றித் தருவீர்களா? பேட்டரி இல்லாமல் ஒயரில் ஓடுமா? விற்பனைப் பையன் விழிப்பான். விழிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அந்தக் கேள்வி மேலே போகும். பேட்டரியை நீங்களே உடைத்து எடுக்க மட்டும் முயலாதீர்கள், லித்தியம் தீப்பிடிக்கும்.

தேயத் தேயக் கூர்மையாகும் ஒரு கத்தியை 85 வருடத்துக்கு முன்பே மனிதன் செய்துவிட்டான். அதற்குத் திருகி மூடும் ஒரு மூடி போட்டுக் கொடுப்பது அவ்வளவு கடினமான வேலை இல்லை.