பதிமூன்றாவது ஆளுக்கு என்ன கிடைக்கும்?



ஆழ்வார்பேட்டையில் நம் செட் வழக்கமாகக் கூடும் டீக்கடை உங்களில் பலருக்குத் தெரியும். ஐந்தாம் செமஸ்டர் தேர்வு முடிந்த அன்று மாலை, மூன்று டீயை ஆறு பேர் பங்கு போட்டுக்கொண்டு அங்கே நின்றிருந்தோம். டிப்ளமோ முடித்ததும் பி.இ. எங்கே சேருவது என்று பேச்சு திரும்பியது.

"மச்சான், அந்த யுனிவர்சிட்டிக்கே போயிடலாம்டா. சவுத் ஜோன்ல கப்பு அடிச்சிருக்கான். கேட்ல எவ்ளோ பெரிய பேனர் தெரியுமா?"

"நம்ம ஊரு யுனிவர்சிட்டியும் அதே சவுத் ஜோன்தானே?"

"அதே ஜோன்தான். ஆனா முதல் ரவுண்டுலயே வீட்டுக்கு வந்துட்டாங்களே!"

அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஒரு வாலிபால் மேட்ச்சில் தோற்ற பல்கலைக்கழகம் பாடத்திலும் தோற்றது, லேபிலும் தோற்றது, வேலை வாய்ப்பிலும் தோற்றது! நானும் தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. கல்விக் கடன் பாரத்தில் கையெழுத்துப் போடப் போவது என் அப்பா. ஒரு பேனரைப் பார்த்து அவரைக் கையெழுத்துப் போடச் சொல்வதா?

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் சவுத் ஜோன் என்றால் என்ன என்று பார்ப்போம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி 1925-இல் ஒரு வாரியம் அமைத்தன. 1973-இல் அதற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் மாறியது. பல்கலைக்கழகங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டிகளை நடத்துவது இந்தச் சங்கம்தான். நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா எல்லாம் தெற்கு மண்டலம். குழு விளையாட்டுகளில் மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போவார்கள்.

ஆக, ரயில் டிக்கெட் செலவைக் குறைக்கப் போட்ட கோடு இது! ஒரே மண்டலத்தில் இருப்பதால் எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே ஜாதி என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1857-இல் பிறந்தது சென்னைப் பல்கலைக்கழகம். அதன் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட கலை, அறிவியல் கல்லூரிகள். மயிலாப்பூர் விவேகானந்தாவில் படிப்பவரும் கடற்கரை பிரசிடென்சியில் படிப்பவரும் பல்கலைக்கழகம் என்று வரும்போது ஒரே ஜெர்சிதான் போட வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரியும் ஒரு காலத்தில் இதே குடும்பம்தான். 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் தனிக்குடித்தனம் போனது. 2001 முதல் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. இன்று நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே ஒரு வாலிபால் அணி!

அதே மண்டலத்தில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். நாம் சேமியர்ஸ் ரோடு வழியாக நடந்தே போய்ச் சேரக்கூடிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதனோடு இணைந்ததுதான். அமெரிக்கரான எச்.சி. பக் 1920-இல் ஆரம்பித்த கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. அங்கே மாணவனுக்கு மைதானமே வகுப்பறை. இன்னொரு பக்கம் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் பையன் ராத்திரி ஆஸ்பத்திரி டியூட்டி பார்த்துவிட்டுக் காலையில் பிராக்டீஸுக்கு வர வேண்டும். இந்த இரண்டு பேரும் மோதி, டாக்டர் தோற்றுவிட்டால், மருத்துவப் பல்கலைக்கழகம் மட்டம் என்று சொல்வோமா? சொன்னால் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?

பிறகு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். இணைப்புக் கல்லூரி என்கிற பேச்சே பெரும்பாலும் அங்கே கிடையாது. தங்கள் வளாகத்து மாணவர்களிலிருந்தே அணி. நல்ல ஆட்டக்காரனைத் தேடிப் பிடித்து, இலவச சீட், ஹாஸ்டல், சாப்பாடு கொடுத்துச் சேர்க்கும் இடங்களும் உண்டு. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. கிராமத்தில் செருப்பில்லாமல் கபடி ஆடிய பையனுக்குப் பட்டப்படிப்பு கிடைக்கிறதே, அதைவிட நல்ல காரியம் எது? ஆனால் அந்தக் கோப்பை அவனுக்கும் அவன் கோச்சுக்கும் உரியது. காசு கட்டிச் சேரும் எனக்கும் உனக்கும் அதில் என்ன பங்கு என்பதுதான் கேள்வி.

வடக்கேயும் இதே கதைதான். பல்கலைக்கழக விளையாட்டில் ஒட்டுமொத்தமாக முதலிடம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை தருகிறார்கள். அமிர்தசரஸில் உள்ள குருநானக் தேவ் பல்கலைக்கழகம் மட்டும் இருபது முறைக்கு மேல் அதை வாங்கியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டுக் கோப்பையோ 2012-இல்தான் ஆரம்பித்த தனியார் சண்டீகர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பழைய பெயரும் ஜெயிக்கும், புதுப் பணமும் ஜெயிக்கும். இரண்டையும் வைத்து மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் எப்படி என்று சொல்ல முடியாது.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் 'ஐவி லீக்' என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்று பெரிய பெரிய பெயர்கள். அறிவாளிகளின் சங்கம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அது 1954-இல் முறைப்படி அமைந்த விளையாட்டுப் போட்டிக் கூட்டமைப்பு! எட்டுப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாடு. விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுத்து ஆள் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அந்த எட்டிலும் 1636-இல் தொடங்கிய ஹார்வர்டும், 1865-இல் தொடங்கி விவசாயப் படிப்புக்கும் பேர் வாங்கிய கார்னெலும் ஒன்றா? இல்லை. ஆனால் ஒரே பட்டியலில் இருப்பதால் ஒருவர் வெளிச்சம் அடுத்தவர் மேலும் விழுகிறது.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் பசிபிக் கடலோரப் பல்கலைக்கழகங்கள் 1915 முதல் ஒன்றாக ஆடி வந்தன. டெலிவிஷன் ஒப்பந்தப் பணம் போதவில்லை. 2024-இல் பன்னிரண்டில் பத்து பிரிந்து போய்விட்டன. அவற்றில் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பு! பெசன்ட் நகர் பையன் மேட்ச் ஆடத் தினமும் மங்களூர் கடற்கரைக்கு ஓடுவது போல. பாடம் நடத்தும் வாத்தியார் மாறவில்லை, லேபரட்டரி மாறவில்லை. டி.வி.காரன் செக் மட்டும்தான் மாறியது.

சரி, நம் கதைக்கு வருவோம்.

நம் சீனியர்கள் இருவர். இருவரும் நம் பாலிடெக்னிக் அணிக்கு ஆடியவர்கள். ஒருவர் பேனரைப் பார்த்து ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தார். கடன் வாங்கித்தான். அங்கே உள்விளையாட்டு அரங்கம் பளபளவென்று இருக்கிறதாம். ஆனால் மாலையில் அது பல்கலைக்கழக அணிக்கு மட்டும். அணியில் இருந்தவர்கள் மாநில அளவில் ஆடிவிட்டு வந்தவர்கள். "மூணு வருஷத்துல அந்த கோர்ட்டுல என் ஷூ பட்டது ரெண்டே தடவைடா. ரெண்டும் ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு நாற்காலி போடப் போனப்போ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொருவர் ஒரு சாதாரண இணைப்புக் கல்லூரியில் சேர்ந்தார். மண் தரை, கிழிந்த நெட். ஆனால் கல்லூரி அணியில் இடம் கிடைத்தது. வருடா வருடம் மண்டலப் போட்டி ஆடினார். ஒரு முறை இன்டர் ஜோனல் வரை போனார். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகவில்லை. கேட்டில் அவருக்குப் பேனரும் கிடையாது. "ஆடினேன்டா, அது போதும்" என்றார்.

இதிலிருந்து இணைப்புக் கல்லூரிதான் நல்லது, தனியார் பல்கலைக்கழகம் கெட்டது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மாறியும் நடக்கும். பெரிய இடத்தில் நல்ல லேபும், நல்ல கேம்பஸ் இன்டர்வியூவும் கிடைத்து முன்னுக்கு வந்தவர்களும் நம் சீனியர்களில் உண்டு. நான் சொல்வது ஒன்றுதான். வாலிபால் களத்தில் ஆறு பேர், மாற்று ஆட்களோடு ஒரு டஜன். கோப்பை அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றித்தான் பேசும். நாம் கேட்க வேண்டியது பதிமூன்றாவது ஆளைப் பற்றி. ஏனென்றால், நண்பர்களே, நம்மில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பதிமூன்றாவது ஆள்தான்!

ஆட்டத்தில் மட்டுமல்ல, படிப்பிலும் இதே அளவுகோல்தான். தங்கப் பதக்கம் வாங்கியவனைக் காட்டுவார்கள். இரண்டு அரியர் வைத்தவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பெரிய சம்பளத்தில் வேலைக்குப் போனவன் போட்டோவைக் காட்டுவார்கள். கடைசி பெஞ்சுக்காரன் எங்கே போனான் என்று கேளுங்கள்.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தவர்கள் அல்ல, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பிள்ளைகள். அதனால் சவுத் ஜோன் கதவு நமக்குத் திறப்பதில்லை. ஐ.பி.ஏ.ஏ. டிவிஷன் போட்டி, அதற்கு மேல் மாநிலப் போட்டி, அத்தோடு சரி. அங்கேயும் அரசு, அரசு உதவி பெறும், சுயநிதி பாலிடெக்னிக் எல்லாம் ஒரே டிவிஷனில்தான் மோதுகின்றன. போன முறை நாம் தோற்றபோது, "அவங்க பாலிடெக்னிக்தான் பெஸ்ட்டு" என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வந்ததா இல்லையா? நமக்கு ஒரு நியாயம், பல்கலைக்கழகத்துக்கு ஒரு நியாயமா?

எனவே யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம் போடுங்கள். பி.இ. சேர்ந்த ஒவ்வொரு சீனியரிடமும் இந்த ஐந்து கேள்விக்குப் பதில் வாங்கி எழுதி வையுங்கள்.

1. மாலையில் மைதானம் யாருக்குத் திறந்திருக்கிறது? அணிக்கா, எல்லோருக்குமா?

2. மேட்ச்சுக்குப் போனால் ஓ.டி. தருகிறார்களா, அட்டெண்டன்ஸில் கை வைக்கிறார்களா?

3. பஸ் காசும் சாப்பாட்டுப் படியும் கல்லூரி தருகிறதா, நம் பாக்கெட்டிலிருந்தா?

4. டிப்ளமோ முடித்து வந்தவனை வகுப்பில் எப்படி நடத்துகிறார்கள்? மேத்ஸில் தடுமாறினால் தனி வகுப்பு உண்டா?

5. மூன்று வருடத்தில் மொத்தம் எவ்வளவு செலவானது? சேரும்போது சொன்ன கணக்கா, முடிக்கும்போது ஆன கணக்கா?

வருடம் பத்து சீனியர் எழுதினால்கூடப் போதும். ஐந்து வருடத்தில் எந்தப் பத்திரிகையின் ரேங்க் பட்டியலும் தர முடியாத விவரம் நம் யூனியன் ரூமில் இருக்கும். அதற்குச் செலவு ஒரு நோட்டும் நாலு பேனாவும்தான்.

டீக்கடையில் அன்று தலையாட்டிய நான் இப்போது என்ன முடிவு செய்திருக்கிறேன் என்று கேட்கிறீர்களா? இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பாவிடம் இரண்டு கல்லூரிப் பெயர் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே மண்டலம்தான். கவுன்சிலிங்குக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு இடத்துக்கும் போய், கேட்டில் உள்ள பேனரைத் தாண்டி உள்ளே நடந்து, மைதானத்தில் யார் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.

கூட வர விருப்பமுள்ளவர்கள் டீக்கடைக்கு வரவும். டீ என் செலவு, முழு டீ!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்