குற்றத்துக்கும் உண்டா பால் பேதம்?

மத்தியப் பிரதேசத்தில் விளையாட்டுப் போட்டிக்குச் சென்றுவிட்டு ரயிலில் ஊர் திரும்பிய பெண் ஒருவரை, அவருடைய தந்தை அழைத்துவரச் சொன்னதாகக் கூறித் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார் ஒருவர். அங்கு அப்பெண் பாலியல் பலாத்காரத்துக்கு உள்ளாக்கப்பட்டார். அந்த நேரத்தில் வீட்டுக்குள் வந்த அந்த நபரின் மனைவியிடம், தன்னைக் காப்பாற்றும்படி அவர் மன்றாடினார். மனைவியோ அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியேறினார். இது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு.

கணவர் செய்தது என்ன குற்றம் என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. மனைவி செய்தது என்ன குற்றம் என்பதில்தான் குழப்பம். பெண்ணால் பலாத்காரம் செய்ய இயலாது என்றாலும், அதற்குத் துணை நின்றால் கூட்டு பலாத்காரக் குற்றத்தின் கீழ் அவரை விசாரிக்கலாம் என்றது மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம். 2006 ஜூலையில் நீதிபதிகள் அரிஜித் பசாயத், எஸ்.எச். கபாடியா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அதை ஏற்க மறுத்தது. பலாத்காரம் செய்பவர் ஆண் என்றே சட்டம் வரையறுத்திருக்கும்போது, அதே நோக்கம் ஒரு பெண்ணுக்கும் இருந்தது என்று கருத இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாக அவர் மீது வழக்குத் தொடரலாமா என்ற கேள்விக்குக் கருத்து ஏதும் கூறாமல் நீதிமன்றம் விட்டுவிட்டது. 2009-ல் ராஜஸ்தான் வழக்கொன்றிலும் இதே நிலைப்பாட்டை அது உறுதி செய்தது.

நீதிபதிகளைக் குறை கூறிப் பயனில்லை. சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதைத்தான் அவர்கள் படித்தார்கள். எழுத வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உரியது. அந்தப் பொறுப்பை நாடாளுமன்றம் எப்படி நிறைவேற்றியது என்பதுதான் கேள்வி.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் புரிவோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், மிகப் பெரும்பாலோர் என்பது அனைவரும் என்று ஆகிவிடாது. எஞ்சிய சிலரால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பது எண்ணிக்கையைப் பொருத்த விஷயமல்ல, நீதியைப் பொருத்த விஷயம்.

இந்தக் குறை தில்லிக்குத் தெரியாததல்ல. 2000 மார்ச்சில் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம், தனது 172-வது அறிக்கையில், பலாத்காரம் என்ற குற்றத்துக்குப் பதிலாக ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவான "பாலியல் தாக்குதல்" என்ற குற்றத்தைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 12 ஆண்டுகளுக்கு மேல் தூங்கியது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைதான் அதைத் தட்டி எழுப்பியது.

2013 ஜனவரி 23-ல் அறிக்கை அளித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு ஒரு நடுவழியைக் காட்டியது. குற்றம் புரிபவர் ஆண் என்ற வரையறை நீடிக்கட்டும். பாதிக்கப்படுபவர் எப்பாலினத்தவராகவும் இருக்கலாம் என்றது அக்குழு. ஆனால், பிப்ரவரி 3-ல் மத்திய அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், குற்றம் புரிபவரையும் "ஒரு நபர்" என்றே குறிப்பிட்டது. பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. விளைவு, மார்ச் 19-ல் மக்களவையிலும் 21-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறிய மசோதாவில் பழைய நிலையே திரும்பியது. குற்றவாளி ஆண், பாதிக்கப்படுபவர் பெண். வர்மா குழு காட்டிய நடுவழியும் அதோடு போயிற்று.

பெண்கள் அமைப்புகளின் அச்சம் பொருளற்றது அல்ல. புகார் கொடுக்கும் பெண்ணை மடக்க, அவர் மீதே எதிர்ப்புகார் கொடுப்பது நம் காவல் நிலையங்களில் அன்றாடம் காணும் காட்சி. பலாத்காரப் புகார் கொடுத்த பெண் மீதே பலாத்காரப் புகார் பதிவாகும் என்றால், எத்தனை பெண்கள் காவல் நிலையப் படியேறுவார்கள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லாத சமூகத்தில், சட்டத்தின் சொற்களை மட்டும் சமமாக்குவது சமநீதி ஆகாது என்ற அவர்களது வாதத்துக்கு வலு உண்டு.

ஆனால், அந்த வாதம் வயது வந்த பெண்களைக் காப்பதற்கான வாதம். குழந்தைகள் விஷயத்தில் அது பொருந்தாது. பெண்ணே உடந்தையாகும் வழக்குகளிலும் அது பொருந்தாது.

கூட்டு பலாத்காரப் பிரிவு 2013-ல் திருத்தப்பட்டபோது, ஒரு குழுவாகவோ பொது நோக்கத்துடனோ செயல்படும் "நபர்கள்" ஒவ்வொருவரும் குற்றவாளிகளே என்ற சொற்கள் இடம்பெற்றன. இதைச் சுட்டிக்காட்டி, பெண்ணையும் கூட்டு பலாத்கார வழக்கில் விசாரிக்கலாம் என்று 2023-ல் அலாகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. அது 2015-ல் 15 வயதுச் சிறுமி பாதிக்கப்பட்ட வழக்கு. ஒருபுறம் பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுபுறம் புதிய சொற்களின் கீழ் உயர் நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 70-வது பிரிவும் அதே "நபர்கள்" என்ற சொல்லையே வைத்துக்கொண்டது. ஒரே ஒரு வரி விளக்கம் சேர்த்திருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும். சேர்க்கவில்லை.

குழந்தைகள் நிலைமை ஓரளவு மேல். 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், குற்றம் புரிபவரை "நபர்" என்றும் பாதிக்கப்படுபவரைக் "குழந்தை" என்றும்தான் குறிப்பிடுகிறது. உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022-ல் சென்னை போக்சோ நீதிமன்றம், 13 வயதுச் சிறுமியைப் பாலியல் தொழிலில் தள்ளிய வழக்கில் 21 பேரைத் தண்டித்தது. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் பெண்களும் இருந்தனர். சிறுமியை விற்ற கை ஆணின் கையா, பெண்ணின் கையா என்று அங்கே சட்டம் பேதம் பார்க்கவில்லை.

சிக்கல் எழுவது, பெண் நேரடியாகக் குற்றம் புரிந்ததாகக் கூறப்படும்போதுதான். சட்ட வாசகத்தில் "அவன்" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் இருப்பதால், ஊடுருவும் பாலியல் தாக்குதல் குற்றம் ஆணுக்கு மட்டுமே பொருந்தும் என்று வாதிடப்பட்டது. 2024 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி அதை நிராகரித்தார். அச்சொல் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 8-வது பிரிவே கூறுவதை அவர் எடுத்துக்காட்டினார். 2025 ஆகஸ்டில், 13 வயதுச் சிறுவனைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண் மீதான வழக்கை ரத்து செய்யக் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி எம். நாகபிரசன்னா மறுத்தார். இத்தகைய செயலில் பெண்ணின் பங்கு செயலற்றது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. அச்சமுற்ற சிறுவனின் உடல் ஒத்துழைத்திருக்காது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. புகார் தாமதமாக வந்தது என்பதும் எடுபடவில்லை. அப்பெண் குற்றவாளியா என்பது விசாரணையில் முடிவாக வேண்டியது. சட்டம் பெண்ணுக்குப் பொருந்துமா என்ற கேள்வியோ உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இந்த வாதங்கள் நீதிமன்றத்தில் மட்டும் ஒலிப்பவை அல்ல. சிறுவன் ஒருவன் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், அதை நகைப்புக்கு உரியதாகக் கருதும் சமூகம் இது. "ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?" என்று கேட்கும் வீடுகள் ஏராளம். மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 53.22 சதவீதக் குழந்தைகள் கூறினர். அவர்களில் 52.94 சதவீதத்தினர் சிறுவர்கள். அச்சிறுவர்களைத் துன்புறுத்தியவர்களிலும் பலர் ஆண்களே ஆவர் என்று கொண்டாலும், அவர்கள் சொல்வதை நம்பக் காவல் நிலையமும் பள்ளியும் பெற்றோரும் தயாராக இல்லை என்பதே உண்மை.

18 வயதைக் கடந்தவுடன் நிலைமை இன்னும் மோசமாகிறது. ஆண் ஒருவரோ, திருநங்கை ஒருவரோ பாலியல் வன்முறைக்கு உள்ளானால், குற்றம் புரிந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும், அதற்குரிய பெயரில் வழக்குப் பதிவு செய்யப் புதிய சட்டத்தில் பிரிவு ஏதும் வைக்கப்படவில்லை. பழைய சட்டத்தின் 377-வது பிரிவு, குறைகள் பல இருந்தும், சம்மதமற்ற செயல்களைத் தண்டிக்கவாவது பயன்பட்டது. 2018-ல் வயது வந்தோரின் சம்மதத்துடனான உறவைக் குற்றமற்றதாக்கிய உச்ச நீதிமன்றமும், அந்தப் பகுதியை நீடிக்கவே விட்டது. பாரதிய நியாய சம்ஹிதா அதை முற்றாக நீக்கியது. திருநங்கையர் உள்ளிட்ட மூன்றாம் பாலினத்தவருக்காக 2019-ல் இயற்றப்பட்ட சட்டம், அவர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு விதித்தது 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. பெண் மீதான பலாத்காரத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. ஒரே காயம், சட்டத்தின் தராசில் வெவ்வேறு எடை.

இதை யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல இயலாது. பிருஜ் லால் தலைமையிலான உள்துறை விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக் குழு, 2023-ல் 377-வது பிரிவின் இந்தப் பகுதியை மீண்டும் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2019 ஜூலையில் மாநிலங்களவையில் கே.டி.எஸ். துளசி, பாலியல் குற்றங்களை இருபாலருக்கும் பொதுவாக்கும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். இரண்டும் பயனற்றுப் போயின. 2023 டிசம்பர் 20, 21 தேதிகளில் மூன்று குற்றவியல் மசோதாக்களும் இரு அவைகளிலும் நிறைவேறியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சுமார் 140 பேர் இடைநீக்கத்தில் இருந்தனர். நுணுக்கமான விவாதம் தேவைப்பட்ட நாளில், விவாதிக்க வேண்டியவர்கள் அவைக்கு வெளியே இருந்தார்கள். பின்னர் 2024-ல் இக்குறை நீதிமன்றங்களுக்குச் சென்றது. தில்லி உயர் நீதிமன்றம் முடிவெடுக்குமாறு மத்திய அரசிடம் கூறியது. சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

வியப்பு என்னவெனில், அதே புதிய சட்டம் வேறு சில இடங்களில் இந்தத் திசையில் நடந்திருக்கிறது. பெண்ணின் ஆடையைக் களையும் நோக்கில் தாக்குதல், மறைந்திருந்து பார்த்தல் அல்லது படமெடுத்தல் ஆகிய குற்றங்களில், "எந்த ஆணும்" என்றிருந்தது "எவரும்" என்று மாற்றப்பட்டது. விடுதி அறையில் சக மாணவியைப் படமெடுக்கும் மாணவியும் இனி தப்ப முடியாது. ஆனால், பாலியல் தொந்தரவு, பின்தொடர்தல் ஆகிய பிரிவுகளில் "ஆண்" என்ற சொல் அப்படியே நீடித்தது. எந்தக் கொள்கையின் அடிப்படையில் இந்தப் பாகுபாடு என்று எவரும் விளக்கவில்லை.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? பிரிட்டனின் 2003-ம் ஆண்டுச் சட்டத்திலும் பலாத்காரம் என்பது ஆண் புரியும் குற்றம்தான். ஆனால், ஒருவரை அவரது சம்மதமின்றிப் பாலியல் செயலில் ஈடுபட வைப்பதை அச்சட்டம் தனிக் குற்றமாக்கியது. அதைப் பெண்ணும் புரியலாம்; ஊடுருவல் இருந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அமெரிக்காவில், ஜெஃப்ரி எப்ஸ்டீனுக்குச் சிறுமிகளைத் திரட்டிக் கொடுத்த கிஸ்லேன் மேக்ஸ்வெல் 2021 டிசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2022 ஜூனில் 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பெண் என்ற நம்பிக்கையே அவரது கருவியாக இருந்தது. அந்த நம்பிக்கை அவருக்குக் கேடயமாகச் சட்டம் விடவில்லை.

இந்தியாவுக்கும் வழி இருக்கிறது. பெண்ணைப் பாதுகாக்கும் பலாத்காரப் பிரிவைத் தொட வேண்டாம். அதன் பக்கத்தில், ஆண்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படும்போது பயன்பட, குற்றம் புரிபவர் எவராயினும் பொருந்தும் தனிப் பிரிவு ஒன்றைச் சேர்க்கலாம். எதிர்ப்புகார் அச்சத்துக்கு, அத்தகைய புகார்களை உயர் அதிகாரி ஆராய்ந்த பின்பே நடவடிக்கை என்ற பாதுகாப்பை வைக்கலாம். போக்சோவிலும் கூட்டு பலாத்காரப் பிரிவிலும், "நபர்" என்பது பெண்ணையும் உள்ளடக்கும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

குற்றம் சாட்டப்படும் பெண்களிலும் பலர் மிரட்டலுக்கோ, முன்பு தாமே அனுபவித்த கொடுமைக்கோ பணிந்து நடந்தவர்களாக இருக்கக் கூடும். விற்கப்பட்ட சிறுமியே பின்னாளில் விற்பவளாகும் அவலம் நாடறிந்தது. அதைத் தண்டனையின் அளவில் நீதிபதி கருதலாம். குற்றமே இல்லை என்று சட்டம் கூறுவது வேறு.

பெண்ணைக் குற்றம் புரிய இயலாதவர் என்று கருதுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. தனக்கென நோக்கமும் பொறுப்பும் இல்லாதவர் என்று அவரைக் குறைத்து மதிப்பிடுவதே அது. மூடப்பட்ட அந்தக் கதவுக்குப் பின்னால் உதவி கேட்டு நின்றவரும் ஒரு பெண்தான் என்பதை, அடுத்த முறை சட்டத் திருத்தம் பற்றிப் பேசும்போதாவது அவை உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.