எந்தத் தீயில் சுடுவது?

கிறிஸ்மஸ் இரவிலும், வெளிநாட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருக்கும் நாள்களிலும், கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ கம்பிவலை அடுப்பு வைத்து, மசாலா தடவிய மீனையும் கோழியையும் சுட்டு உண்ணும் வழக்கம் இன்று நம் குடும்பங்களில் பரவி வருகின்றது. தணலில் வாட்டி உண்பது நமக்குப் புதிதன்று. ஆயினும், “கரி நல்லதா, எரிவாயு நல்லதா?” என்னும் வினா வீட்டுக்கு வீடு எழுகின்றது. அதனை இத்திங்கள் சற்று ஆராய்வோம்.

முதலாவது மரக்கரி. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகின்றனர். அது விரைவில் பற்றும், சூடும் மிகுதி. ஆனால் துண்டுகள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால் தணல் ஒரே சீராக நில்லாது. சிரட்டைக் கரியோ நல்ல சூடு தரும், புகையும் குறைவு. மீன், இறால் போன்று விரைவில் வேகுபவற்றிற்கு இவை ஏற்றவை.

இரண்டாவது, கரித்தூளுடன் மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்திய கரிக்கட்டி. இது மெதுவாகப் பற்றும், சாம்பலும் மிகுதி. ஆயினும் நெடுநேரம் சீராக எரிவதால் முழுக் கோழிக்கும் தடித்த இறைச்சித் துண்டுகளுக்கும் பொருந்தும்.

எக்கரியாயினும் அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றலாகாது. நாற்றம் உணவில் ஏறும். எரியும் கரிமேல் ஊற்றினால் உடையும் பற்றும். காய்ந்த தேங்காய் நாரைக் கொண்டு மூட்டி, வெண்சாம்பல் பூக்கும்வரை ஏறக்குறைய அரைமணி நேரம் பொறுத்திருப்பதே முறை.

மூன்றாவது எரிவாயு. திருகினால் எரியும், சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் எளிது, சாம்பல் இல்லை. கரித்தணலின் மணம் மட்டும் குறையும். இவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தங்கும். ஆதலால் குழாயின் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி எழுகின்றதா எனப் பார்த்த பின்னரே பற்றவைக்க வேண்டும்.

சுவையையும் வசதியையும்விடப் பெரிதான செய்தி ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு கொடைக்கானலில் விடுதியில் தங்கிய நண்பர்கள் கரியடுப்பில் கோழி சுட்டு உண்டு, அவ்வடுப்பு அறைக்குள் இருக்கவே உறங்கினர். அவர்களுள் இருவர் மூச்சடைத்து மாண்டனர். புகையற்றுச் சிவந்திருக்கும் தணலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளிவிடுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதில்லை. உயிர்க்காற்று இரத்தத்தில் சேராதபடி தடுத்துவிடுகின்றது. சன்னலைச் சிறிது திறந்து வைப்பது போதிய காவலாகாது.

எனவே மழை தூறினாலும் குளிர் வாட்டினாலும் கரியடுப்பை அறைக்குள்ளோ, வண்டிக் கொட்டகைக்குள்ளோ, கூடாரத்துக்குள்ளோ கொண்டு செல்லலாகாது. விருந்து முடிந்ததும் தணலை நீர் தெளித்து முற்றிலும் அவித்து, அடுப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும்.

ஆண்டில் ஓரிரு முறை, திறந்த வெளியில், பொறுமையோடு சுடுவோர்க்குக் கரியே இன்பம். அடிக்கடி சுடுவோர்க்கும் நேரமில்லாதோர்க்கும் எரிவாயு நலம். எதனைத் தெரிந்தெடுப்பினும், தீ முற்றிலும் அணைந்ததைக் கண்ணால் கண்டபின் உறங்கச் செல்லும் ஒருவர் ஒவ்வோர் இல்லத்திலும் இருக்கட்டும். விருந்துண்ட அனைவரும் மறுநாள் காலையில் நலமாய்க் கண்விழிப்பதே விருந்தின் நிறைவு.