பட்டணத்துப் பாலும் கணினிக் கருவிகளும்

சென்னைப் பட்டணத்தில் அடையாற்றங்கரையிலுள்ள ஈக்காட்டுத்தாங்கலின் பெயரிலேயே நீர் நிற்கிறது. மழைநீரைத் தேக்கி வைத்து வயலுக்கு உதவும் சிற்றேரியைத் தாங்கல் என்பது இப்பக்கத்துக் குடியானவர் வழக்கு. இன்று அங்கே வயல் இல்லை. தொழிற்சாலைகளும் கணினி அலுவலகங்களும் நெருங்கிய வீடுகளுமே உள்ளன. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. வழியிலுள்ள ஏரிகளின் வெள்ளமும் அதனோடு சேர, அடையாறு கரைபுரண்டு இவ்வூர் வீதிகளிற் புகுந்தது.

அந்நாட்களில் பட்டணத்து ஜனங்கள் பாலுக்கும் காய்கறிக்கும் அலைந்தனர். மின்சாரம் நின்றது, செல்பேசிக் கோபுரங்கள் பல ஓய்ந்தன, பாங்கிகளின் பண யந்திரங்களும் உதவவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூரிலுள்ள ஆவின் பால்பண்ணையை வெள்ளம் சூழ்ந்தது. பல பேட்டைகளில் பால் கிடைப்பது மீண்டும் அரிதாயிற்று. இவ்விரு வெள்ளங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கருவிகள் குறைந்துவிடவில்லை. கைப்பேசி வழியே பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. ரேஷன் கடைகளில் மின்னணு அட்டை 2017-இல் வந்தது. கருவிகள் பெருகியதோடு, அவை ஓய்ந்தால் ஓயும் காரியங்களும் பெருகின.

கருவிகளால் விளையும் நன்மையை மறுப்பது நியாயமாகாது. 2020 மே மாதத்தில் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டுக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அத்தகைய நாளில் தக்க வேளையில் வரும் ஒரு செய்தி குடியானவருக்கு ஒரு லாரி வாடகையையே மிச்சப்படுத்தும். ஆயினும் நாளைய தேவையை இன்றே கணக்கிட்டுச் சொல்லும் கருவி, வியாபாரியின் கிடங்கையும் சுருக்கி விடுகிறது. ஒரு வாரத்துச் சரக்கை அடுக்கி வைத்திருந்த பழைய மளிகைக்காரரை முதலை முடக்கியவர் என்று இகழ்வது இக்காலத்து நாகரிகம். வெள்ளக் காலத்தில் தெருவுக்குச் சோறிட்டது அந்த முடங்கிய முதலேயாகும். கையிருப்பைக் குறைத்தவர் இலாபம் அடைகிறார். அதனால் நேரும் நஷ்டமோ வீதியின் ஒரு முனையில் உண்பவரையும் மறுமுனையில் உற்பத்தி செய்பவரையும் சேருகிறது.

பாலில் இது மிகத் தெளிவு. நெல் காத்திருக்கும், கறவை மாடு காத்திராது. பட்டணத்து வண்டி வாராவிடில் கிராமச் சங்கத்தின் குளிர்கலம் நிறைந்துவிடும். மாலைக் கறவைக்கு இடமிராது. மின்சாரமும் போய்விட்டால் காலைக் கறவையும் கெடும். எடையையும் கொழுப்பையும் காட்டும் யந்திரம் எவ்வளவு நுட்பமாயினும் அப்பாலைக் காக்க வல்லதன்று. டீசலும், நெய் எடுக்கும் பாத்திரங்களும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஆட்களுமே அதைக் காப்பவை. சங்கங்கள் புதிய கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இவற்றுக்கும் ஒதுக்கல் வேண்டும். பட்டணத்திலோ, ஈக்காட்டுத்தாங்கல் போன்ற தாழ்ந்த பகுதிகளுக்கு அருகே மேட்டு நிலத்தில் பால் பவுடர் இருப்பு வைத்தல் வேண்டும். இது செலவுதான்; அதைச் சில்லறை வியாபாரி தலையில் கட்டுவது முறையன்று, சர்க்கார் ஏற்பதே பொருந்தும்.

காகிதத்தையும் கைவிடலாகாது. மிக்ஜாம் புயலுக்குப் பின் சர்க்கார் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வழங்கியபோது, டோக்கன் கொடுத்து ரேஷன் கடைகளில் ரொக்கமாகவே வழங்கிற்று. பால் டெப்போக்களிலும் வாடிக்கைக்காரர் பெயரும் அளவும் மாதந்தோறும் ஒரு தாளில் அச்சிட்டு வைக்கப்படின், கோபுரம் ஓய்ந்த நாளிலும் பங்கீடு நடைபெறும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், அத்தாளும் டீசல் இருப்பும் புரட்டாசி பிறக்கும் முன்னரே சரிபார்க்கப்படுதல் நலம்.